கதவின் பாரம் தெரியாமல் ஸ்பிரிங் வாங்கலாமா?

வாசகி கேள்வி: "அண்ணா, நாங்கள் கனடாவில், டொரொன்டோவுக்குப் பக்கத்தில் ஏஜாக்ஸில் இருக்கிறோம். ஜனவரி கடைசியில் ஒரு விடியற்காலை கராஜுக்குள் துவக்குச் சூடு மாதிரி ஒரு சத்தம். பயந்துபோய்ப் பார்த்தால், கதவுக்கு மேலே இருக்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று முறிந்து நடுவில் இரண்டு அங்குல இடைவெளி. கதவு 16 அடி அகலம், 7 அடி உயரம், உள்ளே ஃபோம் வைத்த இரும்புக் கதவு. மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் உடைந்ததை மட்டும் மாற்றினால் போதும் என்றார். இன்னொருவர் இரண்டையும் மாற்றி வெள்ளி நிற ஸ்பிரிங் போட்டால் துருவே பிடிக்காது, வாழ்நாள் உத்தரவாதம் என்றார். மூன்றாமவர் பெரிய மோட்டார் போடச் சொன்னார். என் கணவர் இணையத்தில் சிவப்பு அடித்த ஸ்பிரிங் ஒன்றைப் பார்த்துவிட்டு, 'உடைந்ததும் சிவப்புத்தான், வாங்கி நானே பூட்டுகிறேன்' என்கிறார். ஸ்காபரோவில் அம்மா வீட்டுக் கதவு வேறு மாதிரி. இரண்டு பக்கமும் மேலே நீளமான ஸ்பிரிங்குகள். அதையும் இந்த மாதிரிக்கு மாற்ற வேண்டுமா?"

தங்கச்சி, மோட்டார்க் கதையை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் கதவை மோட்டார் தூக்குவதில்லை. ஸ்பிரிங்தான் தூக்குகிறது. மோட்டார் கதவைத் தள்ளிவிடும், நேரத்துக்கு நிறுத்தும், அவ்வளவுதான்.

ஊரில் துலாக் கிணற்றில் தண்ணீர் அள்ளியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். துலாவின் பின்பக்கம் கல்லைக் கட்டிப் பாரம் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பாரம் சரியாக இருந்தால் பத்து வயதுப் பிள்ளையும் வாளியை மேலே கொண்டுவரும். பாரம் குறைந்தால் இழுத்தே கை ஓய்ந்துபோகும். கூடினால் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கவே மல்லுக்கட்ட வேண்டும். கராஜ் கதவும் அதே கணக்குத்தான், கல்லுக்குப் பதிலாக ஸ்பிரிங். வாளிக்கு ஏற்ற கல், கதவுக்கு ஏற்ற ஸ்பிரிங். 'நல்ல ஸ்பிரிங்' என்று தனியாக ஒன்று கிடையாது. உங்கள் கதவுக்குப் பொருந்துகிற ஸ்பிரிங், பொருந்தாத ஸ்பிரிங், அந்த இரண்டுதான்.

அதனால் மூன்று பேரிடமும் நான் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி, "கதவைத் தராசில் நிறுத்துப் பார்த்தீர்களா?" என்பது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் ஒருவரும் தராசை எடுத்த மாதிரித் தெரியவில்லை.

கதவை நிறுப்பது பெரிய வித்தையில்லை. ஸ்பிரிங்குகளின் முறுக்கை முழுதாகக் கழற்றிவிட்டு, கதவைக் கொஞ்சம் தூக்கி, கீழே நடுவில் குளியலறைத் தராசை வைத்து, மேலே ஒரு மரக்கட்டையை வைத்துக் கதவை மெதுவாக இறக்கினால் இறாத்தல் கணக்கு வந்துவிடும். பாரமான கதவென்றால் இரண்டு தராசு. ஆனால் இதை வாசித்துவிட்டு நீங்கள் இன்றைக்கே தராசை வைத்துப் பார்க்க வேண்டாம். உடையாத ஸ்பிரிங் இன்னும் முறுக்கோடு இருக்கிறது. அது கதவின் பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதால் தராசு பொய் சொல்லும். முறுக்கைக் கழற்றுவது வேலைக்கு வருகிறவரின் பொறுப்பு. கழற்றியதும் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது.

"பழைய ஸ்பிரிங்கையே அளந்து அதே மாதிரி வாங்கினால் என்ன?" என்று கேட்கலாம். வாங்கலாம், பாதி வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் பழையது சரியான ஸ்பிரிங் என்று யார் சொன்னது? உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர் கதவை மாற்றியிருக்கலாம். யாரோ அவசரத்தில் தன் வான் வண்டிக்குள் கிடந்ததைப் பூட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

நான் பார்த்த ஒரு கதவைச் சொல்கிறேன். வீட்டுக்காரர் கெட்டிக்காரர். குளிருக்கு என்று கதவின் உட்பக்கம் முழுக்க ஃபோம் பலகை ஒட்டி, அதன்மேல் பிளைவுட் அடித்து, அழகாக வெள்ளைப் பெயின்டும் பூசியிருந்தார். ஸ்பிரிங்கை மட்டும் தொடவில்லை. "ஓப்பனர் உறுமுகிறது, கதவு அசையவில்லை" என்று கூப்பிட்டார். மோட்டாரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே கோதுமை மா கொட்டின மாதிரி வெள்ளைத் தூள். நைலோன் பற்சக்கரம் அரைபட்டு அரைபட்டுத் தூளாகியிருந்தது. கூடின பாரம் முழுவதையும் அந்தச் சின்னச் சக்கரம் ஒரு குளிர்காலம் பூராகச் சுமந்திருக்கிறது. புது மோட்டார் வேண்டுமென்று சொல்லி விற்றிருந்தால் அதுவும் அடுத்த வருடம் தூளாகியிருக்கும். உங்கள் மூன்றாமவரின் யோசனை இந்த ரகம்.

இனி சிவப்பு நிறம். உங்கள் கணவரைக் குறை சொல்லமாட்டேன், இதில் ஏமாறாதவர்கள் குறைவு. கதவுக்கு மேலே குறுக்காக ஷாஃப்ட் என்கிற இரும்புத் தண்டில் கோத்திருக்கும் உங்கள் மாதிரி ஸ்பிரிங்குக்கு டோர்ஷன் ஸ்பிரிங் என்று பெயர். முறுக்கி வைத்திருக்கிற ஸ்பிரிங். அதன் முனையில் அடிக்கும் சிவப்பும் கறுப்பும் பாரத்தைக் குறிப்பதில்லை. சுருள் எந்தப் பக்கமாகச் சுற்றியிருக்கிறது என்பதைச் சொல்கிற அடையாளம்: வலச்சுற்று சிவப்பு, இடச்சுற்று கறுப்பு. உடையாத மற்ற ஸ்பிரிங்கைப் பாருங்கள், பெரும்பாலும் கறுப்பு இருக்கும். இரண்டும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒன்றுக்கொன்று எதிர். அப்போ சிவப்பு என்று வாங்கினால் பக்கம் சரியாக வரும், பாரம்தான் குலுக்கல் சீட்டு.

அம்மா வீட்டில் இருப்பது எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங், இழுபடுகிற ரகம். அதில் நிறம் பாரத்தைக் குறிக்கும். மஞ்சள் 130 இறாத்தல், நீலம் 140, சிவப்பு 150 என்று போகும். ஒரே கடையில் ஒரே சிவப்பு, இரண்டு அர்த்தம். குழம்பாமல் என்ன செய்வது!

டோர்ஷன் ஸ்பிரிங்கை அடையாளம் காண நான்கு விஷயம் வேண்டும்: கம்பியின் தடிமன், சுருளின் உள்விட்டம், முறுக்கில்லாதபோது அதன் நீளம், சுற்றுத் திசை. உள்விட்டம் லேசு. முனையில் இருக்கும் வார்ப்புக் கூம்பில் பெரும்பாலும் 200 என்றோ 175 என்றோ எண் இருக்கும். இரண்டு அங்குலம், ஒன்றே முக்கால் அங்குலம் என்று அர்த்தம். நீளத்துக்கு உடைந்த இரண்டு துண்டையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் போதும், இடைவெளியைச் சேர்க்கக்கூடாது. ஏணியில் நின்று டேப்பால் அளக்கிறதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்குரூ ஒன்றிலும் கை வைக்க வேண்டாம்.

கம்பியின் தடிமனில்தான் ஆட்கள் சறுக்குவது. ஒரு கம்பியை மட்டும் அளந்தால் கண் ஏமாற்றும். சுருள்கள் நெருங்கி ஒட்டியிருக்கும் இடத்தில் 20 சுருளை எண்ணி மொத்த நீளத்தை அளந்து 20ஆல் வகுக்க வேண்டும். 20 சுருள் நாலரை அங்குலம் வந்தால் கம்பி 0.225 அங்குலம். ஐந்து அங்குலம் வந்தால் 0.250. இப்போ இதைக் கவனியுங்கள். 0.207 கம்பியில் 20 சுருள் சுமார் 4⅛ அங்குலம். அடுத்த அளவான 0.218 கம்பியில் 4⅜. வித்தியாசம் ஏறக்குறைய கால் அங்குலம்தான், டேப்பைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தாலே தவறிவிடும். ஆனால் ஸ்பிரிங்கின் வலு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் கூடும். விட்டமும் நீளமும் அப்படியே இருக்க, அந்தத் தலைமயிர் வித்தியாசம் வலுவை 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிடும். 150 இறாத்தல் கதவில் அது 30 இறாத்தலுக்கும் கூட. 20 இறாத்தல் அரிசிப் பை ஒன்றரையைத் துலாவின் பின்பக்கம் கூடுதலாகக் கட்டின மாதிரி. கதவு பூட்டியே கிடக்காது, மேலே பாயும்.

சரி, ஒன்றா இரண்டா? இரண்டும்தான். முதலாமவர் உங்கள் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார், ஆனால் கணக்குப் பிழை. சாதாரண ஸ்பிரிங்குக்கு ஆயுள் வருடத்தில் சொல்வதில்லை, தடவையில் சொல்வது. ஒருதரம் திறந்து ஒருதரம் மூடினால் ஒரு தடவை. வழக்கமான ஸ்பிரிங் 10,000 தடவைக்குச் செய்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் நம்முடைய வீடுகளில் நான்கு தடவையோடு யார் நிறுத்துகிறார்கள்? முன்வாசல் விருந்தாளிக்கு, வீட்டுக்காரருக்குக் கராஜ் வாசல். செருப்பு அங்கே, அரிசி அங்கே, மீன் வைத்த பெரிய ஃப்ரீசர் அங்கே, கோடை வந்தால் பொரிக்கிற அடுப்பும் அங்கே. ஆறு தடவை என்று குறைத்துப் போட்டாலும் வருடத்துக்கு 2,190. நாலரை வருடத்தில் கதை முடிந்தது. இரண்டு ஸ்பிரிங்கும் ஒன்றாகப் பூட்டியவை என்றால் இரண்டும் ஒரே அளவு தேய்ந்தவைதான். ஒன்று போய்விட்டது, மற்றது வரிசையில் நிற்கிறது. புதியதையும் களைத்ததையும் சேர்த்துப் போட்டால் சில மாதத்தில் இன்னொரு விடியற்காலைச் சத்தம், இன்னொரு வருகைக் கூலி. ஜனவரியில் உடைந்ததற்கும் காரணம் இருக்கிறது. கடுங்குளிரில் இரும்பின் நெகிழ்ச்சி குறையும், ஏற்கனவே களைத்த கம்பி அந்த முதல் திறப்பைத் தாங்காது.

நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது 20,000 அல்லது 25,000 தடவை ஓடுகிற ஜோடி. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கம்பியை ஒரு அளவு தடிப்பாக்கி, அதற்கேற்ப ஸ்பிரிங்கை நீளமாக்குவார்கள். தூக்குகிற வலு அதேதான், கம்பி படுகிற கஷ்டம் குறைவு, அதனால் கூட நாள் உழைக்கும். கூலி மாறாது, சாமான் விலை மட்டும் கொஞ்சம் கூடும். ஷாஃப்ட்டில் அந்த நீளத்துக்கு இடம் இருக்க வேண்டும். 16 அடிக் கதவில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

வெள்ளி நிறம் என்று இரண்டாமவர் சொன்னது கல்வனைஸ் பூசிய கம்பி. துரு குறைவு என்பது உண்மை. ஆனால் பூட்டிய கொஞ்ச நாளில் அது முறுக்கை லேசாக இழக்கும், திரும்ப வந்து ஏற்றிக் கொடுக்க வேண்டிவரும். எண்ணெயில் பதப்படுத்திய கறுப்புக் கம்பி அவ்வளவு தளராது. ரோட்டு உப்பைக் காரோடு கொண்டுவந்து கராஜுக்குள் சொட்டவிடுகிற நமக்குத் துரு ஒரு பிரச்சினைதான், அதற்கு வருடத்தில் இரண்டு தடவை கராஜ் கதவுக்கான லூப்ரிகன்ட் ஸ்ப்ரேயைச் சுருள்மேல் அடித்துவிட்டால் போதும். என் வீட்டில் கறுப்புத்தான் போட்டிருக்கிறேன். வாழ்நாள் உத்தரவாதம் என்றால் யாருடைய வாழ்நாள், சாமானுக்கு மட்டுமா கூலிக்கும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்பிரிங் இலவசம், வந்து பூட்ட முழுக்கூலி என்பதுதான் அநேகமாகப் பதிலாக இருக்கும்.

கணவர் தானே பூட்டுகிற விஷயம். வேண்டாம் என்றுதான் சொல்வேன், காரணத்தையும் சொல்கிறேன். ஏழு அடிக் கதவுக்கு ஸ்பிரிங்கை ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். உடையாத ஸ்பிரிங்கின்மேல் ஒரு பெயின்ட் கோடு தெரிகிறதா பாருங்கள். பூட்டுவதற்கு முன் நேராக இழுத்த கோடு அது, இப்போது கொடி சுற்றின மாதிரிச் சுற்றிக்கொண்டு போகும். எத்தனை சுற்றோ அத்தனை முறுக்கு. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் அந்த முனைக் கூம்பின் ஓட்டையில் ஒரு முறுக்குக் கம்பியைச் செருகி, மற்றதை உருவி, முப்பது தடவை கை மாற வேண்டும். 18 அங்குல முறுக்குக் கம்பி இரண்டு இருந்தால் அதற்கு அசுர பலம் தேவையில்லை, ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இருபது தடவை லேசாகப் போய்விட்டது என்று கவனம் தளர்கிற நேரத்தில் கம்பி ஓட்டையில் முழுதாக இறங்காமல் நழுவும். சேர்த்து வைத்த முறுக்கு முழுவதும் ஒரு நொடியில் அவிழும், கம்பி போகிற வழியில் எது இருக்கிறதோ அதை அடிக்கும். கம்பிக்குப் பதிலாக ஸ்குரூட்ரைவரைச் செருகிப் பார்த்தவர் ஒருவரின் முன்கையை நான் பார்த்திருக்கிறேன். எழுத விருப்பமில்லை.

அவருக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது. ஸ்பிரிங் பூட்டி முடிந்ததும், வேலைக்காரர் காசு வாங்குவதற்கு முன், கதவை மூடிவைத்து மோட்டாரிலிருந்து தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள். இப்போ கதவும் மோட்டாரும் வேறு வேறு. கையால் கதவை இடுப்பளவுக்குத் தூக்கி விட வேண்டும். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. கீழே இறங்கினால் முறுக்குப் போதாது அல்லது ஸ்பிரிங் சின்னது. மேலே ஓடினால் கூடிவிட்டது. கொஞ்சம் அசைந்தால் கால் சுற்றுக் கூட்டிக் குறைத்துச் சரிபண்ணலாம். தடதடவென்று போனால் ஸ்பிரிங்கே தப்பு, முறுக்கைத் திருகிச் சமாளிக்க விடாதீர்கள். அந்த நேரத்திலேயே கதவின் இரண்டு பக்கக் கேபிளையும், கீழ் மூலையில் அது கொளுவியிருக்கும் இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீரில் முதலில் பிசிர் விடுவது அங்கேதான். பில்லில் கம்பித் தடிமன், உள்விட்டம், நீளம், எத்தனை தடவை ஆயுள், கதவு எத்தனை இறாத்தல் என்று எழுதி வாங்கி, அந்தத் தாளின் படத்தை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை யாரும் ஏணி ஏறி அளக்கத் தேவையில்லை.

அதுவரை ஓப்பனர் பொத்தானை அழுத்த வேண்டாம். கார் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால், கதவு மூடியிருக்கும்போது மட்டும் அந்தச் சிவப்புக் கயிற்றை இழுத்து, வளர்ந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, இரு பக்கமும் கட்டை முட்டுக் கொடுத்து, காரை எடுத்த உடனே மூடிவிடுங்கள். கதவு மேலே நிற்கும்போது கயிற்றை இழுத்தால் அது கீழே விழும். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

கடைசியாக அம்மா வீடு. மாற்றியே ஆக வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஒற்றைக் கார்க் கதவு, பாரம் குறைவு, மேலே இடம் குறைவு என்றால் எக்ஸ்டென்ஷன் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். வழக்கமான டோர்ஷன் பூட்டக் கதவுக்கு மேலே சுமார் ஒரு அடி இடம் வேண்டும், பழைய ஸ்காபரோ கராஜ் பலவற்றில் அது இருக்காது. டோர்ஷன் கதவை ஆடாமல் தூக்கும், உடைந்தாலும் ஷாஃப்ட்டைச் சுற்றியே கிடக்கும், எனக்கும் அதுதான் பிடிக்கும். கதவையே புதிதாக்குகிற அன்று அதற்குப் போகலாம். அதற்காக இப்போதே பழைய கதவில் காசைக் கொட்டத் தேவையில்லை.

ஆனால் இந்தக் கிழமை அங்கே போனால் ஒன்றைப் பாருங்கள். கதவு மூடியிருக்கும்போது அந்த நீள ஸ்பிரிங்குகள் இரண்டும் நன்றாக இழுபட்டு நிற்கும். ஒவ்வொன்றின் நடுத்துளை வழியாகவும் ஒரு மெல்லிய கேபிள் ஓடி, இரண்டு முனையிலும் கட்டியிருக்க வேண்டும். ஸ்பிரிங் முறிந்தால் துண்டு பறக்காமல் பிடிக்கிற கேபிள் அது. பழைய கதவுகள் பலவற்றில் அது இருப்பதில்லை. இல்லையென்றால் உங்கள் வீட்டுக்கு வருகிறவரையே அங்கேயும் அனுப்பிப் போடச் சொல்லுங்கள், சின்ன வேலைதான். அதுவரை அம்மாவின் ஃப்ரீசரை அந்த ஸ்பிரிங்குக்குக் கீழேயிருந்து எதிர்ச்சுவர்ப் பக்கம் தள்ளி வையுங்கள்.